தன் பெயரைத் தானே சொல்லும் தகவல்

100, 20, 40.2.

இந்த மூன்று எண்களையும் சற்று உற்றுப் பாருங்கள். இவை எவற்றைக் குறிக்கின்றன என்று உங்களால் சொல்ல முடியுமா? மூன்று மாணவர்கள் வாங்கிய மதிப்பெண்களா? மளிகைக் கடைக் கணக்கா? மழை அளவா? எவ்வளவு முயன்றாலும் விடை கிடைக்காது. இப்போது அதே மூன்று எண்களையும் வேறு விதமாக எழுதுவோம்.

<சோதனை>
  <கருவி>தனி ஊசல்</கருவி>
  <நீளம் அலகு="செ.மீ.">100</நீளம்>
  <அலைவுகள்>20</அலைவுகள்>
  <காலம் அலகு="விநாடி">40.2</காலம்>
</சோதனை>

படித்த உடனே புரிந்துவிட்டது அல்லவா? ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசல் 20 முறை அலைவதற்கு 40.2 விநாடி ஆகியிருக்கிறது. ஆகவே, அலைவு நேரம் 2.01 விநாடி. இதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9.77 மீ/வி² என்று வரும். எண்கள் மாறவில்லை. ஆனால் இப்போது ஒவ்வோர் எண்ணும் தன் பெயரையும் தன் அலகையும் கூடவே சுமந்துகொண்டு வருகிறது.

இவ்வாறு எழுதும் முறைக்கு எக்ஸ்.எம்.எல். என்று பெயர். ‘விரிவாக்கத்தக்க குறியிடு மொழி’ என்று தமிழில் சொல்லலாம். இம்முறையில் எழுதிய ஆவணங்களைப் படிக்கவும், சோதிக்கவும், தேடவும், உருமாற்றவும் பல மென்பொருள் கருவிகள் உள்ளன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதையே இக்கட்டுரையில் காணப் போகிறோம். அதற்கு முன்னால், ஓர் எண் தன் அலகைச் சுமந்து வராவிட்டால் என்ன நேரும் என்பதைப் பார்த்துவிடுவோம்.

செவ்வாயில் தொலைந்த விண்கலம்

1998 டிசம்பர் மாதம் அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளின் வானிலையை ஆராய ஒரு விண்கலத்தை அனுப்பியது. ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்பது அதன் பெயர். ஒன்பது மாதப் பயணத்துக்குப் பின், 1999 செப்டம்பர் 23 அன்று அது செவ்வாயை நெருங்கியது. கோளின் பின்புறம் மறைந்தது. மீண்டும் அதனிடமிருந்து எந்தக் குறிப்பலையும் வரவில்லை.

நடந்தது என்ன? வழியில் கலத்தின் நிலையைச் சரிசெய்யச் சிறு உந்துபொறிகளை அவ்வப்போது இயக்கினார்கள். ஒவ்வொரு முறையும் கலம் பெற்ற கணத்தாக்கு எவ்வளவு என்று தரையிலிருந்த ஒரு கணிப்பொறி நிரல் கணக்கிட்டு, ஒரு கோப்பில் எழுதியது. அதைப் படித்து இன்னொரு நிரல் கலத்தின் பாதையைக் கணித்தது. முதல் நிரல் பவுண்டு-விநாடியில் எழுதியது. இரண்டாவது நிரலோ, வந்த எண்கள் நியூட்டன்-விநாடியில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன். ஆகவே ஒவ்வொரு முறையும் உந்தலின் விளைவு 4.45 மடங்கு குறைத்தே மதிப்பிடப்பட்டது. செவ்வாயின் தரையிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம், சுமார் 57 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்துக்குள் புகுந்து அழிந்தது.

நியூட்டன் அலகில்தான் எழுத வேண்டும் என்ற விதி இல்லாமல் இல்லை. விதி காகிதத்தில் இருந்தது. ஆனால் கோப்பில் இருந்த எண்கள் தம் அலகைச் சொல்லவில்லை. விதியையும் கோப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு காவலாளும் இல்லை. அந்தக் காவல் வேலையைக் கருவிகளிடம் ஒப்படைப்பதற்கு வழி செய்வதுதான் எக்ஸ்.எம்.எல். போன்ற முறைகளின் நோக்கம்.

பிறந்த கதை

இக்கருத்து தோன்றியது 1969-ஆம் ஆண்டில். ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்டுஃபார்ப், எட்வர்டு மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர், சட்ட ஆவணங்களைக் கணிப்பொறியில் சேமிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். ஆவணத்தைத் திருத்துவதற்கு ஒரு நிரல், தேடுவதற்கு ஒரு நிரல், அச்சிடுவதற்கு ஒரு நிரல் என்று இருந்தன. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியவில்லை. ‘இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடு’ என்று எழுதி வைத்தால் அச்சிடும் நிரலுக்குப் போதும். தேடும் நிரலுக்கு அதனால் என்ன பயன்? ‘இந்த வரி ஒரு தலைப்பு’ என்று எழுதி வைத்தால் எல்லா நிரல்களுக்கும் பயன்படும். தோற்றத்தைக் குறிப்பதை விட்டுவிட்டு, இன்னது என்று பெயரைக் குறிப்பதுதான் அவர்கள் கண்ட வழி. அம்மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஜி.எம்.எல். என வரும். அதுவே அவர்கள் படைத்த மொழியின் பெயராகவும் அமைந்தது.

அது வளர்ந்து 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற உலகத் தரமாயிற்று. பின்னர், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் எனும் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, அதன் சாயலில் எச்.டி.எம்.எல். மொழியை அமைத்தார். இன்றைய வலைப்பக்கங்கள் எல்லாம் அதன் வழி வந்தவையே. ஆனால் எச்.டி.எம்.எல்.-இல் உள்ள குறிச்சொற்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. பத்தி, தலைப்பு, படம் என்பவற்றுக்கு இடம் உண்டு. ஊசலுக்கும் அலைவுக்கும் இடம் இல்லை. எஸ்.ஜி.எம்.எல்.-இல் வேண்டிய சொற்களை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அது மிகச் சிக்கலானது. இரண்டுக்கும் நடுவே, எளிமையும் சுதந்திரமும் கலந்த ஒரு வழியாக எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரி 10 அன்று வெளியாயிற்று.

குறிச்சொற்களை நாமே படைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. மேலே உள்ள எடுத்துக்காட்டில் குறிச்சொற்கள் தமிழில் இருப்பதைக் கவனித்தீர்களா? உங்களுக்கு விளங்குவதற்காக நான் செய்த மொழிபெயர்ப்பு அன்று அது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையை எக்ஸ்.எம்.எல். அடிப்படையாகக் கொண்டிருப்பதால், குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதலாம். கருவிகள் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

பகுப்பான்: கணிப்பொறியின் பகுபத உறுப்பிலக்கணம்

தமிழ் வகுப்பில் ‘படித்தான்’ என்ற சொல்லைப் படி + த் + த் + ஆன் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று பெயர் சொல்லியிருப்பீர்கள். ஆவணத்தை அவ்வாறு உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பெயர் சொல்லும் கருவிக்குப் பகுப்பான் என்று பெயர். மற்ற எல்லாக் கருவிகளும் இதன் தோள்மேல்தான் நிற்கின்றன.

பகுப்பான் எப்படி வேலை செய்கிறது? கணக்கில் அடைப்புக்குறிகளை நீக்கும் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் திறந்த அடைப்பைத்தான் முதலில் மூட வேண்டும். எக்ஸ்.எம்.எல்.-இலும் அதே விதிதான். <காலம்> என்று திறந்தால் </காலம்> என்று மூட வேண்டும். உள்ளே திறந்ததை மூடாமல் வெளியே உள்ளதை மூடக் கூடாது. பகுப்பான் ஒவ்வொரு திறப்புச் சொல்லையும் கண்டவுடன், பந்தியில் தட்டுகளை அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நினைவில் அடுக்கி வைக்கிறது. மூடும் சொல் வந்ததும் மேல் தட்டில் உள்ள பெயரோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் அந்தத் தட்டை எடுத்துவிடும். பொருந்தாவிட்டால் ‘பிழை’ என்று சொல்லி நின்றுவிடும். ஆவணம் முடியும்போது அடுக்கில் ஒரு தட்டும் மிஞ்சக் கூடாது.

ஏன் நின்றுவிட வேண்டும்? இவர் சொல்ல வந்தது இதுவாக இருக்கலாம் என்று ஊகித்துத் தொடரக் கூடாதா? வலைப்பக்கங்களைக் காட்டும் உலவிகள் அப்படித்தான் ஊகித்தன. ஒரே பிழையை ஓர் உலவி ஒரு விதமாகவும் மற்றோர் உலவி வேறு விதமாகவும் திருத்திக்கொண்டது. ஒரே பக்கம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் தெரிந்தது. ஒரு பக்கம் சற்றுக் கோணலாகத் தெரிவதால் பெரிய நட்டம் இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டிலோ வங்கிக் கணக்கிலோ ஊகம் நுழையலாமா? ஆகவேதான் அமைப்புப் பிழையைக் கண்ட பகுப்பான் மேற்கொண்டு வழக்கம்போல் தொடரக் கூடாது என்று எக்ஸ்.எம்.எல். விதியே கட்டளை இடுகிறது.

பகுப்பான்கள் இரு வகைப்படும். ஒரு வகை, ஆவணம் முழுவதையும் படித்து, கிளையும் கொப்புமாக ஒரு மரத்தைக் கணிப்பொறியின் நினைவகத்தில் நிறுத்திவிடும். எந்தக் கிளைக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஆவணம் பெரிதானால் நினைவகம் போதாது. மற்றொரு வகை, வானொலியில் கிரிக்கெட் வருணனை சொல்பவரைப் போன்றது. ‘காலம் திறந்தது, 40.2 என்ற எழுத்துகள் வந்தன, காலம் மூடியது’ என்று நடப்பதைச் சொல்லிக்கொண்டே போகும். நினைவகம் மிகக் குறைவாகவே செலவாகும். ஆனால் கடந்துபோன பந்தைத் திரும்பப் பார்க்க இயலாது. ஜேம்ஸ் கிளார்க் எழுதிய ‘எக்ஸ்பாட்’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ‘லிப்எக்ஸ்எம்எல்-2’ என்பது இரண்டு வகையிலும் வேலை செய்யக்கூடியது. இரண்டுமே யாரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தக்கூடியவை.

சரிபார்ப்பான்

அடைப்புகள் எல்லாம் சரியாக மூடியிருந்தாலும் பொருள் கெட்டிருக்கலாம். காலத்துக்கு உரிய இடத்தில் ஒருவர் ‘கொஞ்ச நேரம்’ என்று எழுதிவிடலாம். அலகை எழுத மறந்துவிடலாம். இவற்றைப் பிடிப்பது சரிபார்ப்பானின் வேலை.

இதற்கு நாம் முதலில் ஒரு விதித்தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘சோதனை என்பதற்குள் கருவி, நீளம், அலைவுகள், காலம் ஆகிய நான்கும் இவ்வரிசையில் வர வேண்டும், அலைவுகள் முழு எண்ணாக இருக்க வேண்டும், காலத்தின் அலகு விநாடியாகத்தான் இருக்க வேண்டும்’ என்பன போன்ற விதிகள். தொடக்கத்தில் இருந்த டி.டி.டி. என்னும் விதிமுறையால் ஓர் உறுப்பின் உள்ளே இருப்பது எண்ணா எழுத்தா என்று சோதிக்க முடியாது. 2001-இல் வந்த எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா என்னும் முறை அக்குறையைப் போக்கியது. விதித்தாளையும் ஆவணத்தையும் கொடுத்துவிட்டால், எந்த வரியில் எந்த விதி மீறப்பட்டது என்று சரிபார்ப்பான் நொடியில் சொல்லிவிடும். பத்தாயிரம் ஆவணங்கள் என்றாலும் அதற்குச் சலிப்பில்லை.

முகவரியும் முறுக்கு அச்சும்

உங்கள் வகுப்பில் உள்ள அனைவரும் ஊசல் சோதனை செய்து, எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தில் சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 41 விநாடிக்கு மேல் அளந்தவர்கள் யார் என்று அறிய வேண்டும். அதற்கு இந்த ஒரு வரி போதும்:

//சோதனை[காலம் > 41]

‘ஆவணத்தில் எங்கிருந்தாலும் சரி, காலம் 41-க்கு மேற்பட்ட சோதனைகளை எல்லாம் எடுத்து வா’ என்பது இதன் பொருள். ஊர், தெரு, கதவு எண் என்று படிப்படியாக இறங்கி வீட்டை அடைவதுபோல, மரத்தின் வேரிலிருந்து கிளை கிளையாக இறங்கி வேண்டிய உறுப்பை அடையும் இம்முகவரி முறைக்கு எக்ஸ்பாத் என்று பெயர்.

இதன் இரட்டைப் பிறவி எக்ஸ்.எஸ்.எல்.டி. இரண்டும் 1999 நவம்பர் 16 அன்று ஒரே நாளில் வெளிவந்தவை. உங்கள் வீட்டில் முறுக்குப் பிழியும் உழக்கைப் பார்த்திருப்பீர்கள். மாவு ஒன்றுதான், ஒரு வில்லையைப் போட்டால் முறுக்கு, இன்னொரு வில்லையைப் போட்டால் ஓமப்பொடி. எக்ஸ்.எஸ்.எல்.டி. நிரல் அந்த வில்லையைப் போன்றது. ஒரே சோதனை ஆவணத்தை ஒரு வில்லை வலைப்பக்க அட்டவணையாக மாற்றும். இன்னொன்று அச்சுப் புத்தகத்துக்கு உரிய வடிவில் தரும். மற்றொன்று வரைபடமாகவே தீட்டிக் காட்டும். மூல ஆவணத்தில் ஓர் எழுத்தும் மாறாது. திருத்தம் வந்தால் மூலத்தில் ஒரு முறை திருத்தினால் போதும். மைக்கேல் கே உருவாக்கிய ‘சாக்ஸன்’ இவ்வேலைக்குப் பெயர் பெற்ற கருவி.

நூறு கோடிச் சிரிப்பு

கருவிகளை ஏமாற்றவும் முடியும். எக்ஸ்.எம்.எல்.-இல் நீண்ட தொடர்களுக்குச் சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பகுப்பான் படிக்கும்போது சுருக்கத்தை விரித்துக்கொள்ளும். குறும்பர்கள் சிலர் இதைப் பயன்படுத்தினார்கள். சிரிப்பைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பத்து முறை அடுக்கியதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அப்பெயரைப் பத்து முறை அடுக்கியதற்கு இன்னொரு பெயர். இப்படி ஒன்பது படிகள். ஆவணம் ஒரு கிலோபைட்டு அளவுகூட வராது. விரித்தால்? 10-இன் அடுக்கு 9, அதாவது நூறு கோடிச் சிரிப்புகள்! எழுத்துக்கு ஒரு பைட்டு என்றாலும் முந்நூறு கோடி பைட்டு நினைவகம் தேவை. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டிக்கச் சொல்லி அரசனின் களஞ்சியத்தையே காலி செய்த கதை நினைவுக்கு வருகிறதா? கணிப்பொறி திணறி நின்றுவிடும். இதனால்தான் இன்றைய நல்ல பகுப்பான்கள் விரிப்பதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டுள்ளன.

நீங்களே செய்து பாருங்கள்

சோதனை 1: கணிப்பொறியில் நோட்பேடு போன்ற எளிய எழுதியில் நமது ஊசல் ஆவணத்தைத் தட்டெழுதுங்கள். யூ.டி.எஃப்.-8 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் எக்ஸ், எம், எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இட்டுச் சேமியுங்கள். அதை உலவியில் திறந்தால் மரக்கிளைகள்போல அடுக்காகத் தெரியும். இப்போது ஐந்தாம் வரியில் உள்ள </காலம்> என்பதை அழித்துவிட்டு மீண்டும் திறவுங்கள். உலவி பிழை என்று சொல்லும். ஆனால் எந்த வரியைக் காட்டுகிறது என்று பாருங்கள். ஆறாம் வரியை! ஏன்? தட்டு அடுக்கை நினைவுகூர்ந்தால் விடை உங்களுக்கே விளங்கும்.

சோதனை 2: வேர்டு மென்பொருளில் நான்கு வரி எழுதி, டாக்எக்ஸ் வகைக் கோப்பாகச் சேமித்து, அதற்கு ஒரு நகல் எடுங்கள். நகலின் பெயரில் புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஒரு கோப்பு என்று நாம் நினைத்திருந்ததற்குள் பல கோப்புகள் இருக்கும்! ‘வேர்டு’ என்ற உறைக்குள் உள்ள ‘டாக்குமென்ட்’ என்னும் கோப்பை உலவியில் திறந்தால், நீங்கள் எழுதிய நான்கு வரிகளும் குறிச்சொற்களுக்கு நடுவே அமர்ந்திருக்கக் காணலாம். நாள்தோறும் எக்ஸ்.எம்.எல்.-ஐப் பயன்படுத்திக்கொண்டே அதை அறியாமல் இருந்திருக்கிறோம்!

கருவியால் ஆகாதது

இவ்வளவும் படித்த பிறகு, எக்ஸ்.எம்.எல். இருந்திருந்தால் செவ்வாய்க் கலம் தப்பியிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான விடை இதுதான்: கோப்பில் ஒவ்வோர் எண்ணோடும் அலகு எழுதப்பட்டிருந்து, அதைப் படித்த நிரல் அவ்வலகைச் சரிபார்த்திருந்தால் தப்பியிருக்கும். ஆனால் பவுண்டில் கணக்கிட்டுவிட்டு ‘நியூட்டன்’ என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் எந்தச் சரிபார்ப்பானும் அதைக் கண்டுபிடித்திராது. சமையலறை டப்பாவின் மேல் மஞ்சள்தூள் என்று ஒட்டியிருப்பதைக் கருவி படிக்கும். உள்ளே மிளகாய்த்தூள் இருந்தால் அதற்குத் தெரியாது. பெயரை உண்மையாக எழுதும் பொறுப்பு மனிதனுடையது.

எல்லா இடத்துக்கும் எக்ஸ்.எம்.எல். பொருந்தும் என்பதும் இல்லை. கணிப்பொறிகள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்ள இன்று ஜேசன் என்னும் சுருக்கமான முறையே பெரிதும் வழங்குகிறது. ஆனால் புத்தகம், சட்டம், பதிவேடு போல நீண்ட காலம் வாழ வேண்டிய ஆவணங்களில் எக்ஸ்.எம்.எல்.-க்குத் தனி இடம் உண்டு. அதற்குக் காரணம் இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியால் விளங்கும்.

1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் தம் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்து ‘டூம்ஸ்டே’ என்னும் ஏட்டில் எழுதுவித்தார். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்க்கையைப் படமும் எழுத்துமாக லேசர் வட்டுகளில் பதிவு செய்தது. பதினாறே ஆண்டுகளில், 2002 வாக்கில், அந்த வட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின; ஆராய்ச்சியாளர்கள் பெருமுயற்சி செய்து அத்தகவலை மீட்க வேண்டியதாயிற்று. தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய தோல் ஏட்டையோ, இலத்தீன் கற்றவர் எவரும் இன்றும் படிக்கலாம்!

எக்ஸ்.எம்.எல். ஆவணம் வெறும் எழுத்துகளால் ஆனது. வட்டும் கருவியும் மாறும்போது நகல் எடுத்துவைக்க வேண்டிய கடமை அதற்கும் உண்டு. ஆனால் எழுத்துகளைக் காப்பாற்றிவிட்டால் போதும்; எழுதிய மென்பொருள் மறைந்துபோனாலும், <நீளம் அலகு="செ.மீ."> என்று எழுதியிருப்பதைத் தமிழ் அறிந்த எவரும் படித்துப் புரிந்துகொள்வார். அதைப் பகுக்கப் புதிய கருவி ஒன்றை எழுதிக்கொள்ளவும் முடியும்.

மாணவர்களே! ஆய்வகத்தில் விடையை எழுதிவிட்டு அலகை எழுத மறந்தால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். இனி அவர்மீது கோபம் கொள்ளாதீர்கள். உங்கள் குறிப்பேட்டை நாளை படிக்கப் போகிறவர், பக்கத்தில் நின்று உங்களிடம் விளக்கம் கேட்க முடியாதவராக இருக்கலாம். அவருக்காகவே ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் பெயரையும் அலகையும் சேர்த்து எழுதுங்கள்.